வைசூரியல்லாத கொப்புளம்

1930களின் தொடக்கத்தில் எங்கள் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வலிப்புக்கென்று புதிய மாத்திரை வந்தது. நான் பெண்கள் வார்டில் நர்ஸ். பழைய மிக்சர் மருந்துக்கு அடங்காத வலிப்பும் இதற்கு அடங்கியது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். அதனால் ஒரு நாள்கூட முடக்கக் கூடாது, விடாமல் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்புவார்.

கடியப்பட்டணத்தில் மீன் விற்கும் திரேசம்மாள் தன் மகள் ரோசலிக்கு அதை வாங்கிப் போனாள். வலிப்பில் அடுப்பில் விழுந்து கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளை அது. மாதம் முடியுமுன் அந்த ஊரில் வைசூரி என்று செய்தி வந்தது. அம்மை குத்தும் வாக்சினேட்டரோடு என்னையும் அனுப்பினார்கள்.

வைசூரிக்குச் செய்வதையெல்லாம் ஊரார் முறையாகச் செய்திருந்தார்கள். கொள்ளைநோய் தீர்க்கும் புனித செபஸ்தியாருக்கு நேர்ச்சை வைத்து, ரோசலியைக் கடலோர ஓலைக் கொட்டகையில் தனியே கிடத்தியிருந்தார்கள். முன்பே வைசூரி கண்டு பிழைத்தவர்தான் கிட்டே போகலாம். திரேசம்மாளின் முகத்தில் தழும்பு உண்டு, ஆகவே அவளே கூட இருந்தாள்.

வைசூரி நிறையப் பார்த்தவள் நான். ஆனால் இப்படியொன்றைப் பார்த்ததில்லை. உதடுகள் வெந்து ஒட்டிக் கிடந்தன. கண்கள் வீங்கி மூடியிருந்தன. அம்மை முத்து ஒன்றுகூட இல்லை, செக்கச் சிவந்த உடம்பில் பெரிய பெரிய கொப்புளங்கள். புரட்டலாமென்று தோளைப் பிடித்தேன். தோல் என் விரலோடு வந்துவிட்டது. வாக்சினேட்டர் வெளியே போய் மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அந்நேரம் திரேசம்மாள் தேங்காய்ச் சிரட்டையில் கஞ்சித் தண்ணீர் கொண்டுவந்தாள். அதில் வெள்ளையாக ஏதோ பொடி மிதந்தது. என்னவென்று கேட்டேன்.

"உங்க மாத்திரதான். பிள்ளைக்கு வாய் தெறக்க முடியேல்ல, அதான் பொடிச்சிக் கலக்கினேன்."

"இப்பமும் கொடுக்கியளா?"

"ஒரு நாளும் முடக்கப்பிடாதுன்னு நீங்கதானே சொன்னிய?"

இது வைசூரியல்ல, மாத்திரையின் வேலை என்று எனக்கு அப்போதுதான் பட்டது. சிரட்டையைப் பிடுங்கி மணலில் கொட்டினேன். பிள்ளையை வாழையிலையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தோம். இந்த மாத்திரையால் சிலருக்குத் தடிப்பு வந்து அடங்குவதை டாக்டரம்மா பார்த்திருந்தார், தோல் உரிந்து பார்த்ததில்லை. மாத்திரை நின்றபின் புதிய கொப்புளம் எழும்பவில்லை. வலிப்புக்குப் பழைய மிக்சருக்கே திரும்பினோம். ரோசலி பிழைத்தாள். ஒரு கண்ணில் மட்டும் பார்வை போய்விட்டது.

அதன்பின் மாத்திரை கொடுக்கும்போதே, தடிப்போ வாய்ப்புண்ணோ கண்சிவப்போ கண்டால் நிறுத்திவிட்டு உடனே வரவேண்டும் என்று சொல்லத் தொடங்கினோம். இளைய நர்சுகள் இதை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

திரேசம்மாள் பிறகும் எங்களிடம்தான் வந்தாள். ஆனால் வெறும் இருமல் மருந்தை நீட்டினாலும் உடனே கை நீட்டமாட்டாள்.

"இத எப்பம் நிறுத்தணும்? அத மொதல்ல சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் வாங்குவாள்.