குழாய் தானாகத் திறந்த படம்

எனக்குப் பேய்ப் பயம் கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. பீற்றிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் மாமாவின் வாழ்க்கை தடம் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சொல்கிறேன்.

மாமா, அம்மாவின் தம்பி. படிப்பை முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் எங்கள் வீட்டில் தங்கி சினிமாவுக்குக் கதை எழுதிக்கொண்டிருந்தார். அப்பா அவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை பேசி முடித்திருந்தார். திங்கட்கிழமை சேர வேண்டும். மாமாவோ ஒரு வருஷம் அவகாசம் கேட்டார். பேய்க் கதைக்கெல்லாம் மதிப்பு உண்டா என்றார் அப்பா. உலகமே கொண்டாடிய வெளிநாட்டுப் பேய்ப் படம் ஒன்றைப் போட்டுக் காட்டுவது, அது முடிந்ததும் மாமா தன் கதையைச் சொல்வது, பிறகு அப்பா முடிவு செய்வது என்று கடைசியில் ஒப்பந்தமாயிற்று.

ஞாயிறு மத்தியானம் மாமா ஜன்னல்களுக்கெல்லாம் போர்வை கட்டினார். வாடகை டிவிடி பிளேயரை டிவியில் மாட்டிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நீ மட்டும் கொஞ்சம் பயந்துக்கோடி கண்ணு, போதும். நீ கத்தினா உங்கப்பா நம்பிடுவாரு."

கரப்பான்பூச்சியை வெறுங்கையால் பிடிப்பவள் என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கப் பெயரெடுத்திருந்த என்னிடம் கேட்கிற உதவியா இது? பயமாக இருந்தால் கத்துகிறேன் என்று கறாராகச் சொல்லிவிட்டேன்.

இதய பலவீனம் உள்ளவர்கள் பார்க்க வேண்டாம் என்று ஒரு பத்திரிகை எழுதியிருந்ததை மாமா வெட்டி வைத்திருந்தார். படத்தில் ஒரு பெண் மாடிப்படி ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். பெரியவளான பிறகு இரண்டு முறை பார்த்துவிட்டேன், இப்போதும் அவள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனால் அன்று அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்தியிருந்தார். அப்பா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். மாமா திரையைப் பார்க்காமல் அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. இருட்டு வீட்டில், யாரும் தொடாத குழாய் தானாகத் திருகித் திறந்தது. முதலில் புஸ்ஸென்று காற்று. பிறகு தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

அந்த வருஷம் மழையே இல்லை. எங்கள் காலனிக் கிணறுகள் வறண்டு, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுக் காத்திருந்த காலம். குழாயில் காற்றுச் சத்தம் கேட்டாலே தெருவே எழுந்து ஓடும்.

"ஐயோ, கீழ வாளி வெக்கலையே!" என்று கத்தினேன்.

அம்மா பழக்கதோஷத்தில் சமையலறைப் பக்கம் பாதி எழுந்தே விட்டார். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி மாமாவிடம் சொன்னார்:

"இந்தப் பேய நம்ம காலனிக்கு அனுப்பச் சொல்லுப்பா. லாரிக்காக நிக்க வேணாம்."

அதற்குப் பிறகு பேய் என்ன பாடுபட்டும் எடுபடவில்லை. இதுவரை எத்தனை குடம் வீணாகியிருக்கும் என்று அம்மா கணக்குப் போட்டார். மாமாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

படம் முடிந்ததும், கதையைச் சொல்லு என்று அப்பா நல்ல மனதோடுதான் கேட்டார். மாமா நோட்டைச் சுருட்டிக்கொண்டு, இன்னொரு நாள் ஆகட்டும் என்றார். அவர் போர்வைகளை அவிழ்க்கும்போது, எனக்காவது சொல்லுங்கள் என்று பின்னாலேயே போனேன்.

"என் கதையும் ஒரு குழாய்லதான்டி ஆரம்பிக்குது" என்றார்.

நான் நன்றாக யோசித்தேன்.

"அப்ப முதல்லயே ஒரு வாளிய வெச்சிடுங்க மாமா. யாரும் சிரிக்க மாட்டாங்க."

சரி என்று என் தலையில் கைவைத்தார்.

மறுநாள் காலையில் டிபன் பாக்ஸோடு கிண்டிக்குக் கிளம்பினார். அவர் கதையில் இருந்த ஒரே குறையைத் தீர்த்துவைத்துவிட்ட பெருமையில், நான் தெருமுனை வரை கூடவே போய் டாட்டா காட்டிவிட்டு வந்தேன்.