தோரணம் கட்டிய கம்பி

1987ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பதினேழாம் நாள், திங்கட்கிழமை. எங்கள் சிறுநகரமான கோலா கிளாவாங்கில் விடியற்காலையிலிருந்தே தூறல். சுற்றியிருந்த மலைகள் பத்து மணிவரை கண்ணில் படவில்லை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நான் அன்றுதான் எங்கள் மாவட்ட மன்றத்தின் நியமன உறுப்பினராகப் பொறுப்பேற்றேன். நியமன உறுப்பினரின் தொழில் என்பது, தம்மைத் தேர்ந்தெடுக்காத மக்களின் சார்பாக, தமக்கு அதிகாரமில்லாத காரியங்களுக்கு, தேநீர் ஆறுவதற்குள் தலையாட்டிவிடுவது. கோயில் செயலவையிலோ பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலோ நாற்காலியைத் தேய்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. வீடியோக் கடைகள், ஏரியல் கம்பங்கள், சாலையைக் கடக்கும் கம்பிகள் ஆகியவற்றை மேற்பார்வையிடும் உரிமத் துணைக்குழுவில் என்னைச் சேர்த்தார்கள். என் பதவிக்காலம் முழுவதும் நான் மேற்பார்வையிட்டது ஒரே ஒரு கம்பியைத்தான்.

விளக்கும் கம்பியும்

முதற் கூட்டத்திலேயே எங்கள் ரப்பர் தோட்டத்தைப் பற்றிப் பேசினேன். தொழிலாளர்களின் லயத்து வீடுகளுக்குச் செல்லும் பாதையில் ஒரு விளக்குகூட இல்லை. விடியுமுன் பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் தடுமாறி விழுகிறார்கள். கால்வாய் அடைத்துக் கிடக்கிறது. உரிம அதிகாரி என்சிக் ரசாக் பொறுமையாகக் கேட்டார். தோட்டம் தனியார் நிலம் என்றும், அங்கே விளக்குப் போட மன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றும் விளக்கினார். சட்டப்படி அவர் சொன்னது சரியாக இருக்கலாம் என்று எண்ணி உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து ஒரு புகார் வாசிக்கப்பட்டது. அதே தோட்டத்தில், உரிமமில்லாத தொலைக்காட்சிக் கம்பி ஒன்று சாலைக்கு மேலே செல்கிறதாம். அது சூசையின் கம்பி. என்னிடம் படித்தவர், சுங்கை காடுட் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்டவர். எங்கள் லயம் பள்ளத்தில் இருந்தது. அங்கே தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் புள்ளிகள்தாம் கொட்டும். சாலையின் மறுபக்கத்துக் குன்றும் தோட்டத்துக்கே சொந்தம். சூசை அதன் உச்சியில் ஏரியல் நட்டு, பூஸ்டர் வைத்து, கம்பியைச் சாலைக்கு மேலாக இழுத்து வீடு வீடாகப் படம் கொடுத்தார். சனிக்கிழமைகளில் ஒரே ஒரு வீடியோ டேப்பை வாடகைக்கு எடுத்து எல்லா வீடுகளுக்கும் ஓடவிட்டார். அதனால் வயிற்றெரிச்சல் கொண்டவர் நகரத்து வீடியோக் கடைக்காரர். அவருடைய மைத்துனர், குத்தகையாளர் நடராஜா, என்னருகே அமர்ந்திருந்த மன்ற உறுப்பினர். விளக்குப் போட அதிகாரமில்லாத இடத்தில் கம்பியை வெட்ட மட்டும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிச் சொன்னார்: "சார், புதுசா வந்திருக்கீங்க. விளக்குன்னா அது தோட்டத்து நிலம், கம்பின்னா அது மன்றத்து ரோடு. போகப் போகப் பழகிடும்லா."

ஆணுக்கு எத்தனை, பெண்ணுக்கு எத்தனை

சூசைக்கு அந்தக் கம்பி விளையாட்டன்று. தொழிற்சாலைக் காலத்தில் அவர் விடுதியில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வந்தவர். அவருடைய மனைவி ரோசலி தோட்டத்தில் பால்மரம் வெட்டினார். மூத்த மகள் தகப்பனைப் பார்த்தால் அந்நியரைக் கண்டதுபோல் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாளாம். கம்பி வந்த பிறகுதான் அவர் வீட்டில் தங்கிப் பிழைக்க முடிந்தது. கம்பி போனால் அவரும் போகவேண்டும். ஆகவே முறைப்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்படி அறிவுறுத்தி, நானே அவரை மன்ற அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றேன்.

முகப்பில் இருந்த அம்மையாருக்குக் கம்பியை எந்த இனத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை. உணவுக்கடை இருந்தது, முடிதிருத்தும் நிலையம் இருந்தது, வீடியோக் கடையும் இருந்தது, கம்பி இல்லை. மூன்று மேசைகள் கலந்து ஆலோசித்து, இறுதியில் அதைத் திடல்களில் ராட்டினத்தோடு வந்திறங்கும் கேளிக்கைச் சந்தையின் கீழ்ச் சேர்த்தார்கள். அதன்பின் கேள்விகள் தொடங்கின. நுழைவாயில் எத்தனை அடி அகலம்? தீப்பிடித்தால் மக்கள் வெளியேற வழி உண்டா? ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறைகள் எத்தனை? சூசை எல்லாவற்றுக்கும் பணிவாகவே பதில் சொல்லிக்கொண்டு வந்தார். கடைசிக் கேள்வியில் மட்டும் என் பக்கம் திரும்பினார்: "சார், கம்பியில குந்துறது குருவிங்கதான். அதுல ஆண் எத்தனை, பெண் எத்தனைன்னு நான் எப்படிப் பாக்குறது?"

துரையின் மௌனம்

ஒருவழியாக விண்ணப்பம் ஏற்கப்பட்டது. ஆனால் நில உரிமையாளருக்கு மறுப்பில்லை என்ற கடிதம் வேண்டும் என்றார்கள். தோட்ட அலுவலகத்துக்குச் சென்றேன். தலைமை எழுத்தரான பெரிய கிராணி என்னை உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்தார். அவர் வீட்டுக்கும் சூசையின் கம்பிதான் படம் கொடுத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைச் செய்திக்குப் பிறகு படம் கொஞ்சம் மங்குகிறது, சூசையிடம் சொல்லுங்கள் என்று என்னிடமே முறையிட்டார்.

கடிதம் என்றதும் அவர் குரல் இறங்கியது. தோட்ட நிர்வாகியான துரையின் அறைக்குள் போய் நெடுநேரம் கழித்து வெளியே வந்தார். தோட்டத்தை விற்கும் பேச்சு அப்போதே மேலிடத்தில் தொடங்கிவிட்டதாகவும், நிலத்தில் யாருக்கும் எந்த உரிமையும் எழுத்தில் இருக்கக்கூடாது என்று உத்தரவு வந்திருந்ததாகவும் பின்னாளில் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் கிராணி குரல் தாழ்த்திச் சொன்ன வாசகம் மட்டும்: "துரை வேணாம்னு சொல்லல சார். வேணாம்னு சொல்லலன்னு எழுதிக் குடுக்கவும் சொல்லல."

நல்வரவு

கடிதம் இல்லாத குறையை நேரடி ஆய்வால் ஈடுகட்டலாம் என்று துணைக்குழுவில் வாதாடி வென்றேன். சாலைக்கு மேலே நாலரை மீட்டர் உயரத்தில் கம்பி இருந்தால் தற்காலிக அனுமதி; இல்லையென்றால் வெட்டு. நிபந்தனை தெளிவாக இருந்தது. சூசை இரும்புக் குழாய்களை உயர்த்தி நட்டு, கம்பியை இறுக்கிக் கட்டினார். ஆய்வுக்கு முதல் நாள் நானே உடனிருந்து மூங்கிலைப் பிடித்து அளந்தேன். லோரி மேல் ஓர் ஆள் நின்றுகொண்டு போனாலும் தலை இடிக்காது. அன்று மாலை ரோசலி எனக்குக் காப்பி கலந்து கொடுத்தார். மூத்த மகள் கதவுக்குப் பின்னால் ஒளியாமல் தகப்பனின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

நான் செய்யத் தவறிய எச்சரிக்கை ஒன்றே. அப்படி ஒன்று தேவைப்படும் என்று எவருக்கும் தோன்றியிருக்காது. எங்கள் தோட்டத்தில் அதிகாரி என்று ஒருவர் காலடி வைத்தால், அவர் எதற்காக வருகிறார் என்று கேட்கும் வழக்கமில்லை. வரவேற்கும் வழக்கம்தான் உண்டு. கோயில் திருவிழாவுக்குச் செய்வதுபோல் வாழை நடுவார்கள், மாலை போடுவார்கள், சாலைக்குக் குறுக்கே தோரணம் கட்டுவார்கள். சாலைக்குக் குறுக்கே அன்றைக்கு இருந்தது சூசையின் கம்பி ஒன்றுதான். குன்றின் உச்சியில் பூஸ்டரைச் சரிபார்க்கச் சூசை சென்றிருந்த நேரத்தில், பால்மரம் வெட்டும் பாக்கியத்தின் தலைமையில் பெண்கள் ஏணி வைத்து, தென்னங்குருத்தும் மாவிலையும் கம்பி நெடுகக் கட்டிவிட்டார்கள். முந்திய இரவு பெய்த மழையில் தழையெல்லாம் நனைந்து கனத்திருந்தது. போதாக்குறைக்கு, திருவிழாவில் கோயில் வாசலில் தொங்கும் 'நல்வரவு' என்ற மரப்பலகையை நடுவில் மாட்டியிருந்தார்கள்.

சூசை இறங்கி வருவதற்குள் கார் வந்துவிட்டது. என்சிக் ரசாக்குக்கும் நடராஜாவுக்கும் சாமந்தி மாலை; பாக்கியம் ஆரத்தி எடுத்தார். பிறகு அளக்கும் நாடா வெளியே வந்தது. கம்பி நடுவில் தொட்டிலைப்போலத் தொங்கியது. அவர்கள் அளந்தது கம்பியையும் அன்று, பலகையின் அடிவிளிம்பை; அது நாலரை மீட்டருக்குத் தாழ்ந்திருந்தது. தோரணத்தை அவிழ்த்துவிட்டு அளக்கும்படி மலாயில் கேட்டேன், ஆங்கிலத்தில் கேட்டேன். ஆய்வு நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில்தான் அளக்கவேண்டும் என்பது விதியாம். சூசை பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். கம்பியை வெட்டும் உத்தரவில் நடராஜா கையெழுத்திடக் குனிந்தபோது மாலை தாளில் விழுந்து மறைத்தது; அதை ஒதுக்கிவிட்டுக்கொண்டு கையெழுத்திட்டார். செய்தி புரிந்ததும் பாக்கியம் ஆரத்தித் தட்டைக் கீழே வைத்தார்: "கம்பிய வெட்டுறது கிடக்கட்டும் சார், மொதல்ல எங்க மாலையக் கழட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க!"

ஏணி

வெட்டுவதற்கு மன்றத்தின் லோரி வந்தது. ஏணி குட்டை; கம்பி எட்டவில்லை. தோரணமும் பலகையும் நீங்கியதும் கம்பி பழைய உயரத்துக்கே ஏறிவிட்டிருந்தது. எட்டாத கம்பி தாழ்ந்த கம்பி ஆவது எப்படி என்று நான் கேட்டேன். வந்திருந்தவர்கள் கூலி வேலைக்காரர்கள். அவர்களிடம் பதிலை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அவர்களை மேய்க்கும் மண்டோராக வந்தவர் நம்மவர், வயதானவர். லயத்துப் பெண்களின் முகத்தைப் பார்க்கக் கூசி லோரியின் நிழலிலேயே நின்றார். சிறிது நேரம் கழித்துச் சூசையை அருகில் அழைத்தார். "தம்பி, நாங்க வெட்டுனா துண்டு துண்டாப் போயிரும். ஒன் ஏணியில நீயே ஏறி அவுத்துக்க, கம்பியாச்சும் மிஞ்சும்."

நல்ல மொழி

அடுத்த கூட்டத்தின் குறிப்பில் இந்நிகழ்ச்சி ஒரே வாக்கியத்தில் இடம்பெற்றிருந்தது: தோட்ட மக்கள் மனமுவந்து ஒத்துழைத்து, சட்டவிரோதக் கம்பியைத் தாங்களே அகற்றிக்கொண்டனர். நான் எழுந்து நின்றேன். அவிழ்த்தவர் சூசை என்பது உண்மை. மனமுவந்து என்பது பொய். அச்சொல்லை நீக்கவேண்டும் என்றேன். ஆய்வைத் திரும்ப நடத்தவேண்டும் என்றும் கேட்டேன். நடராஜா தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். என் கோரிக்கையை வழிமொழிய ஒருவரும் இல்லை.

மன்றத் தலைவர் கெட்டவரல்லர். பள்ளிக்கூட வாத்தியாருக்கு ஆறுதலாக எதைச் சொன்னால் எடுபடும் என்று யோசித்து, ஆசிரியரை மலாயில் விளிக்கும் 'சிக்கு' என்ற சொல்லோடு புன்னகையுடன் சொன்னார்: "சிக்கு, வாக்கியம் பிழையில்லாமல் அழகாகத்தானே இருக்கிறது, விட்டுவிடுங்கள்."

பிறகு நடந்தவை

சூசை அந்த மாதக் கடைசியில் தொலைவிலிருந்த லுக்குட்டில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்துபோனார், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. அவிழ்த்த கம்பிச் சுருள் அவர் வீட்டுக் கூரையின் கீழ் நெடுநாள் தொங்கியது. ரோசலி அதில் துணி உலர்த்தினார். அந்தத் தோட்டத்துக்குக் கம்பி இழுக்கும் அனுமதியை அடுத்த ஆண்டு வீடியோக் கடைக்காரர் பெற்றார். ஆனால் அவர் ஒரு முழம் கம்பிகூட இழுக்கவில்லை. என் நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. கூரைக்குக் கூரை தட்டுகள் முளைத்தன. மன்றத்தில் யாரிடம் அனுமதி வாங்குகிறார்கள் என்று பழைய பழக்கத்தில் என்சிக் ரசாக்கிடம் விசாரித்தேன். அது கோலாலம்பூரின் அதிகாரம், மன்றத்துக்கு அதில் வேலையே இல்லை என்றார். லுக்குட்டில் அந்தத் தட்டுகளை ஏற்றி மாட்டும் வேலையைச் சூசை செய்துகொண்டிருந்தார். தோட்டம் விற்கப்பட்டது, லயம் இடிக்கப்பட்டது, ரோசலியும் பிள்ளைகளும் லுக்குட்டுக்கே போய்விட்டார்கள். தகப்பனோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கியபோது மூத்த மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் மூன்றில் இருந்தாள். குன்றைச் சரித்து வீடமைப்புப் பகுதி கட்டினார்கள். மக்கள் காலிசெய்த அதே பாதையில் மன்றம் விளக்குக் கம்பங்களை நட்டது.

தோட்ட மக்களின் மரியாதைக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதை நாடா பிடித்து அளந்து, கையெழுத்திட்டுப் பதிவு செய்த அரசாங்க அமைப்பு எங்கள் மாவட்ட மன்றம் ஒன்றுதான் என்பதில் எனக்கு இன்றளவும் ஐயமில்லை.