நாலு மணிக்கு முந்திய செய்தி

முப்பத்தொன்பதாம் ஆண்டின் ஆகஸ்ட் விடுமுறை நாகேந்திரத்துக்குப் பெயருக்குத்தான் விடுமுறை. பல்கலைக்கழகக் கல்லூரி திறந்ததும் பரீட்சை. அதற்கு வாசிக்க வேண்டிய புத்தகங்கள் வெள்ளவத்தை அறையில் மேசையை நிறைத்துக் கிடந்தன. லண்டனிலிருந்து தபாலில் வரும் பத்திரிகைத்தொழில் பாடங்கள் உறை பிரிக்காமலே கிடந்தன. போதாக்குறைக்கு, புறக்கோட்டையில் அச்சான ஒரு தமிழ்த் தினசரிக்கு அவன் பகுதிநேர நிருபர். கையில் பேனை இருந்தால் கவர்னரையே நிறுத்திக் கேள்வி கேட்கலாம் என்ற நினைப்பு வேறு.

அந்தப் பத்திரிகையில் ஒரு வழக்கம் இருந்தது. எழுத்தெழுத்தாய்க் கையால் அச்சுக் கோத்த காலம் அது. காலையில் வரவேண்டிய செய்தி முதல்நாள் பின்னேரம் நாலு மணிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும். ஆகவே மாலையில் நடக்கும் விழாவை நிருபர் மத்தியானமே நடத்தி முடித்துவிடுவார். நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, இன்னார் தலைமை வகித்தார், இன்னார் பாடினார், எவ்வித அசம்பாவிதமுமின்றி விழா இனிதே நிறைவேறியது என்று எழுதிக் கொடுப்பார். அதைப் பொய்யென்று ஒருவரும் நினைத்ததில்லை.

அவனுடைய அக்கா றஞ்சிதம் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூட ஆசிரியை. வெள்ளவத்தையில் அவளோடு தங்கி, அவளுடைய சம்பளத்தில்தான் அவன் படித்தான். அங்கே வாசிகசாலை ஆண்டுவிழாவில் அவளுடைய பிள்ளைகள் கும்மியடிக்க இருந்தார்கள். விழாவன்று காலை அவள் வாசலில் நின்று சொன்னாள்: “நேற்று ஒத்திகையிலை மேடை ஆடினது, தம்பி. நான் சொன்னதுக்கு வாசிகசாலைச் செயலாளர் சிரிக்கிறார். நீ பேப்பர்க்காரன், நீ சொன்னால் கேட்பார்.”

கட்டாயம் சொல்வதாக அவன் வாக்குக் கொடுத்தான்.

நிகழ்ச்சி நிரல் வாங்கப் போனபோது மேடையைப் பார்த்தான். மழையில் ஊறிய நிலத்தில் கமுகமரக் கால்களை நட்டிருந்தார்கள். ஒன்றைத் தள்ளிப் பார்த்தான். அது அசைய, அடியில் சேறு பிதுங்கியது. செயலாளரைத் தேடினான். செயலாளரோ மாலை கட்டுபவனுடன் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். காத்து நின்றால் நாலு மணி தப்பும், வாசிப்பும் கெடும். இத்தனை பேர் நடமாடும் இடத்தில் எனக்கு மட்டுமா கண் இருக்கிறது என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு டிராம் ஏறினான். குற்ற உணர்ச்சியோ என்னவோ, செய்தியில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தான்: மேடை அமைப்பை யாவரும் பாராட்டினர்.

வெள்ளவத்தைக்கு வந்து புத்தகத்தைத் திறந்தவன் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தான். பொழுதுபட மழை பிடித்தது. கடற்கரை ஓரமாக வந்த ஒவ்வொரு ரயிலுக்கும் எழுந்து வாசலுக்குப் போனான். அக்கா வரவில்லை. பொலிஸ்காரர் ஒருவர்தான் நனைந்துகொண்டு வந்து, சிங்களத்தில் வீட்டு இலக்கத்தை விசாரித்தார்.

காலையில் ஆஸ்பத்திரி விறாந்தையில் யாரோ அவனுடைய செய்தியை உரத்து வாசித்துக்கொண்டிருந்தார். இனிதே நிறைவேறியது என்ற இடத்தில் நிறுத்திக் காறித் துப்பினார். நாகேந்திரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

மேடை சரிந்ததில் றஞ்சிதத்துக்கு இரண்டு கால்களும் முறிந்திருந்தன. முன்வரிசையில் கும்மியடித்த கௌரி என்ற சிறுமி மேடைக்கடியில் அகப்பட்டுச் செத்துப்போனாள்.

“செயலாளரிட்டைச் சொன்னனீயே, தம்பி?” என்று அக்கா கேட்டாள்.

“சொன்னனான், அக்கா.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

“அப்ப அதை எழுது. நீ சொன்னதையும் அவர் கேளாததையும் அப்படியே எழுது. ஒருத்தரும் பார்க்கேல்லையோ எண்டு கௌரியின்ரை தாய் என்னைக் கேட்கிறா.”

நடந்ததை நாலு மணிக்குள் எழுதித் தரும்படி ஆசிரியர் ஏற்கெனவே ஆளனுப்பியிருந்தார். அக்கா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். நேரமாகிறது, போய் எழுது என்று சொல்லி அவன் கையை விட்டாள்.