குவரானிக்கு நான் போட்ட ‘ம்’

மெல்பேர்ன் புறநகரான கிரான்பர்னில் எங்கள் பின்வேலிக்கு அப்பால் யாரோ புதிதாகச் சேவல் வளர்க்கிறார்கள். கோழி என்றால் அக்கம்பக்கம் பொறுத்துக்கொள்ளும். சேவல் என்றால் உடனே முறைப்பாடுதான். “ஆரோ கவுன்சிலுக்குச் சொல்லிப்போட்டினமாம். பாவம், அதை எங்கை கொண்டுபோய் விடப்போகினமோ” என்று மனைவி தேநீரோடு நின்று கவலைப்பட்டாள். நான் கவலைப்படவில்லை. சேவல் கூவினால் எனக்கு முதலில் வருவது பொறாமை. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மெல்பேர்னுக்கு வந்த புதிதில், டண்டினொங்கில் டயர் கடைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவே ஒடுங்கிக்கிடந்த ஒரு சின்ன ஸ்டூடியோவில் எனக்கு வேலை கிடைத்தது. கிறிஸ்தவ வானொலி ஊழியம். பல மொழிகளில் கால்மணி நேர நிகழ்ச்சிகளைப் பதிந்து, அந்தந்த நாட்டு நிலையங்களுக்கு அனுப்புவார்கள். அறைக்குள் எந்நேரமும் புது டயரின் ரப்பர் மணம். இன்றைக்கும் காருக்கு டயர் மாற்றப் போனால் கண்ணை மூடி ஜெபம் பண்ணவேண்டும்போல இருக்கும் எனக்கு. பதிந்ததை வெட்டி ஒட்டித் துப்புரவாக்குவது என் வேலை. நாங்கள் மன்னார்ப் பக்கத்து வேதக்கார ஆட்கள் என்பதால் தமிழ் நிகழ்ச்சியில் பேசுகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டிக் கிண்ணமெல்லாம் வாங்கியவன், என் குரலைப் பற்றி எனக்குப் பெரிய நினைப்பு.

அதே மேசையில் எனக்கு எதிர்ப்பக்கம் உட்காருபவர் ரமோனா. பராகுவே நாட்டுக்காரி, என்னைவிட மூத்தவர், பகலில் பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளர். அவர் வந்தால் ரப்பர் மணத்துக்கு மேலே கராம்பு எண்ணெய் மணக்கும். அவருடைய நாட்டில் பட்டணத்தார் ஸ்பானிய மொழியில் வெளுத்துவாங்கினாலும், உள்நாட்டுக் கிராமங்களில் வீட்டுப்பேச்சு குவரானிதானாம். அந்தக் கிராமங்களுக்குத்தான் அவருடைய நிகழ்ச்சி போனது. எனக்கு அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. திரையில் ஓடும் ஒலி அலையைப் பார்த்துத்தான் வெட்டுவேன்.

ரமோனா பிரசங்கம் செய்வதில்லை. வேதத்திலிருந்து ஒரு கதை சொல்லுவார். நடுவில் ஏதோ கேட்பார். பிறகு சும்மா இருப்பார். திரையில் அலை படுத்துக் கோடாகிவிடும். எங்களுக்குள் பேச்சு என்னவோ அரைகுறை ஆங்கிலத்தில்தான், ஆனால் என் நினைவில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே பதிந்துவிட்டது.

“இதுக்கை பெரிய ஓட்டை ஒண்டு கிடக்கு. வெட்டிவிடட்டே?” என்றேன்.

“வெட்டாதையும். அங்கை ஆக்கள் மறுமொழி சொல்லுவினம்.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்” என்றார், இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல.

அங்கே வானொலியை யாரும் தனியாகக் கேட்பதில்லையாம். முற்றத்தில் வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்ந்து, தெரெரே என்று ஒரு மூலிகைக் குளிர்பானத்தை ஒரே குவளையில் ஊற்றி, ஒரே குழாயால் ஆள்மாறி ஆள் உறிஞ்சுவார்களாம். ஒருவர் குடித்துவிட்டுக் குவளையை அடுத்தவருக்குக் கொடுக்க எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் ரமோனா காத்திருப்பார். அதற்குள் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். நானும் வெட்டாமல் விட்டேன். உள்ளுக்குள், ‘வானொலிப் பெட்டிக்குப் பதில் சொல்கிற சனமும் இருக்கிறதா’ என்று நக்கல்தான்.

நக்கல் வெகுநாள் நிற்கவில்லை. நிகழ்ச்சி போனதும் அவருடைய கைபேசிக்குக் குரல் செய்திகள் கொட்டும். மரவள்ளி பிடுங்கியாயிற்று, மாட்டுக்குக் காய்ச்சல், மகள் வேலை தேடி எல்லை கடந்து போய்விட்டாள், அவளுக்காக ஜெபியுங்கள் என்று. எல்லாச் செய்திக்கும் பின்னால் ஒரு சேவல் நின்று கூவும். ஸ்டூடியோவின் பொறுப்பாளர் டெரக், நல்ல மனிதர், வெள்ளிக்கிழமைத் தேநீர் நேரத்தில் அவற்றை ஒலிபெருக்கியில் போடச் சொல்வார். எல்லாரும் கண் கலங்குவார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மரியாதையாக, “தமிழ்ப் பக்கம் ஏதாவது?” என்று கேட்பார். நான் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்ப்பதில் மும்முரமாகிவிடுவேன்.

எனக்கு ஒன்றும் வரவில்லை, ஐயா. ஒரு வரி, ஓர் இருமல்கூட வரவில்லை. எங்கேயாவது ஒரு மனிதன் ‘உன்னைக் கேட்டேன்’ என்று சொல்லமாட்டானா என்று ஏங்கிப்போனேன். ஆண்டு முடிவதற்குள் நேயர்களிடமிருந்து ஏதாவது வராவிட்டால் தமிழ் நிகழ்ச்சியை நிறுத்தவேண்டிவரும் என்று டெரக் சொல்லிவிட்டார். அன்றைக்கு ரமோனாவின் கைபேசி மேசையில் அதிர அதிர, என் வயிறு எரிந்தது. கர்த்தருடைய ஊழியத்தில் இருந்துகொண்டு பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். அங்கே இருந்தபோதுதான் நன்றாகப் பட்டேன்.

சரி, அவருடைய வித்தையை நானும் செய்து பார்ப்போம் என்று துணிந்தேன். கதையை நடுவில் நிறுத்தி, “நீங்களா இருந்தா என்ன செய்திருப்பியள்?” என்று குழைவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஆனால் இலங்கைப் பக்கம் ஒலிபரப்பிய நிலையத்தில் ஒரு கருவி இருந்தது. சத்தம் நின்றால் ஏதோ பழுது என்று நினைத்து, அது தானாகவே வாத்திய இசையைப் போட்டுவிடும். ரமோனாவின் கிராம நிலையத்தில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து அவரும் தெரெரே குடிப்பார். நான் கேட்ட கேள்விக்கு மன்னார் முழுக்க எக்காளம் முழங்கியிருக்கிறது. அது எனக்குத் தெரியவந்தது ஊரிலிருந்து மச்சான் அனுப்பிய செய்தியால். “மச்சான், உன்ரை நிகழ்ச்சிக்கை போற அந்தப் பாட்டு நல்லாக் கிடக்கு. முழுசாப் போடேலாதே?”

மச்சானை நேயர் கணக்கில் சேர்க்க முடியாது என்று டெரக் சொல்லவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது. தமிழ் நிகழ்ச்சி நின்றது. “குரலில் ஒரு குறையும் இல்லை” என்று அவர் என் தோளில் தட்டினார். நான் கேட்காமலே அதைச் சொன்னதுதான் குத்தியது.

பிறகு ரமோனாவுக்கு வெட்டி ஒட்டுவது மட்டுமே என் வேலை. ஒருநாள் அவர் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். சொற்கள் புரியாவிட்டாலும் குரல் ஏறி இறங்குவது புரிந்தது. எனக்குச் சின்ன வயதிலிருந்தே, கதை சொன்னால் ‘ம்’ கொட்டாமல் இருக்க வராது. ‘ம்’ கொட்டாதவனுக்கு எங்கள் வீட்டில் யார் கதை சொன்னார்கள்? ரமோனா கேட்டார். நிறுத்தினார். நான் என்னை மறந்து, “ம்” என்றேன். என் பழைய மைக் திறந்தே கிடந்திருக்கிறது. அழித்துவிடுகிறேன் என்று பதறினேன். “விடும்” என்று சிரித்தார்.

அடுத்த முறை வந்த செய்திகளைக் கேட்டு ரமோனா விழுந்து விழுந்து சிரித்தார். ‘ம்’ சொன்ன அந்த மனிதர் யார்? உங்கள் வீட்டுக்காரரா? நல்ல மனிதர்போல இருக்கிறதே, அவருக்கும் எங்கள் வணக்கம். ஒரு வீட்டுப் பிள்ளைகள் வரிசையாக “ம்”, “ம்” என்று பதிந்தே அனுப்பியிருந்தார்கள், வழக்கமான சேவலோடு. அந்த ஒற்றை எழுத்துக்கு எனக்குக் கிடைத்த மதிப்பு, நான் உயிரைக் கொடுத்துப் பேசிய தமிழுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு ரயிலில் சிரித்தபடியே வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் என் ‘ம்’ இருந்தது. ஒத்திகை பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? பார்த்தேன். ஆச்சரிய ‘ம்’, துக்க ‘ம்’, அப்புறம் என்ன ஆயிற்று ‘ம்’. ஒரு வெள்ளிக்கிழமை ரமோனா கைபேசியை மேசையில் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார். “இப்ப எல்லாரும் உம்மைத்தான் விசாரிக்கினம். என்னை ஒருத்தரும் கேக்கிறேல்லை” என்றார். அவர் முகத்தில் இருந்ததை நான் உடனே கண்டுகொண்டேன். எனக்குப் பழகிய சாமான் அல்லவா. பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

அந்த ஸ்டூடியோ இப்போது இல்லை. அங்கே குளியலறை ஓடுகள் விற்கிறார்கள். டெரக் காலமாகிவிட்டார். ரமோனா தன் அக்காவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கே திரும்பிவிட்டார். நிகழ்ச்சியை அக்காவின் மகன் கைபேசியிலேயே பதிந்து நடத்துகிறானாம். அண்மையில் ஒன்றை எனக்கு அனுப்பியிருந்தார். கிளென் வேவர்லி ஸ்டேஷனில் மகளுக்காகக் காரில் காத்திருந்தபோது கேட்டேன். பையன் கதை சொன்னான். ஏதோ கேட்டான். நிறுத்தினான். நான் வாயைத் திறப்பதற்குள், அங்கே வேறு யாரோ ஒருவன் “ம்” என்றான்.

அப்போதே ரமோனாவைக் கூப்பிட்டேன். “ஆர் அது?”

“அக்கா மகன்ரை சிநேகிதன். நல்லா இல்லையே?”

“கொஞ்சம் அவசரப்படுறான்” என்றேன். பிறகு, கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். “பழைய ஆள் எங்கையெண்டு ஆரும் விசாரிச்சவையே?”

ரமோனா எதையும் அவசரமாகச் சொல்பவர் அல்ல. ஒரு குவளை கைமாறுகிற நேரம் விட்டார். பிறகு, “இல்லை” என்றார்.