டிப்பரில் வந்த துரியோதனன்

எங்கள் ஊர் பாரதக் கூத்தின் கடைசி நாளுக்காக, வீட்டுக்கு ஒரு கூடை மண் சேர்த்துத் துரியோதனன் உருவத்தைத் தரையில் செய்வோம். பீமன் அவனை வீழ்த்தியதும் ஆளுக்கொரு பிடி மண்ணை வீட்டுக்கு எடுத்துப்போவோம்.

இம்முறை பொறுப்பு என்னுடையது. வேலை சுலபமாகட்டும் என்று டிப்பரில் மண் இறக்கி, முந்தின நாளே உருவத்தை முடித்துவிட்டேன்.

காலையில் நெசவுக்கார அக்கா கூடையோடு வந்தார். “தறிக்குழி மண்ணு கொண்ணாந்துகீறேங்க. எங்க கொட்றது?” அவர் பின்னால் வரிசையே நின்றது.

“எல்லாம் முடிஞ்சிடுச்சிக்கா” என்றேன் பெருமையாக.

பீமன் அடித்தான். கூட்டம் கலைந்தது. மண்ணெடுக்க யாருமே குனியவில்லை.

“எடுத்துகினு போங்க” என்று மைக்கில் கெஞ்சினேன்.

“யாரூட்டு மண்ணோ, எங்களுக்கு எதுக்குங்க?” என்றார் அக்கா.

நான் மட்டும் ஒரு பிடி அள்ளினேன். எங்கே கொட்டுவதென்று எனக்கும் தெரியவில்லை.