பேகம்பூர் மாடியறையும் ஒரு சின்னக் கோப்பும்

‘உள்ளே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்தது போதாது. படிக்கும் முன் மறுபடி பார்க்கவும்.’ சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் எழுதி அனுப்பிய குறிப்பு இது. அதற்குச் சற்று முன்புதான் கீழே போய், தபால் பெட்டியில் என் பெயர்ச் சீட்டைப் புதிதாக ஒட்டிவிட்டு வந்திருந்தேன். ஜெர்மனியில், இந்த லைப்ஸிக் நகரத்தில், எங்கள் கட்டடத்து வீடுகளுக்கு எண் கிடையாது. பெயர் உரிந்துபோனால், ஆள் மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தாலும் கடிதம் திரும்பிப் போய்விடும்.

அந்தக் குறிப்பு, உடன் வேலை பார்க்கும் மார்ட்டினா, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு எழுதிய நிரலுக்கானது. கணினியின் வட்டில் ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்றொரு சிறு தலைப்பு உண்டு. கோப்பு மிகச் சிறியதென்றால் அதன் உள்ளடக்கம் அந்தத் தலைப்பின் மிச்ச இடத்திலேயே ஒண்டிக்கொள்ளும். வளர்ந்துவிட்டால் வெளியே குடிபோகும். அது இருந்த இடத்தில் புது முகவரி மட்டும் நிற்கும். மார்ட்டினாவின் நிரல் ‘உள்ளேதான் இருக்கிறதா?’ என்று ஒருமுறை பார்த்துவிட்டு, செத்த நேரம் கழித்துப் படிக்கப் போகிறது. அதற்குள் கோப்பு வெளியேறியிருந்தால், முகவரியையே உள்ளடக்கம் என்று படித்துவிடும்.

திண்டுக்கல்லில் பேகம்பூர் வீட்டு மாடியறையைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, “ரெண்டு வருசத்துல வாரேம்மா” என்றேன். தகப்பனார், எங்கள் அத்தா, அப்போது உயிரோடு இருந்தார். அதன்பின் ஒவ்வொரு பெருநாளுக்கும் எப்போது வருகிறாய் என்று அம்மா போனில் கேட்கும், நானும் அதையே சொல்வேன். அந்த அறைச் சன்னலைத் திறந்தால் எதிர்க்கடையில் பிரியாணி தம் உடைக்கும் வாசம் வரும். காற்று திரும்பினால் தோல் பதனிடும் தோல்ஷாப்பு வாடை வரும். இங்கே என் சன்னலில் எந்த வாசமும் இல்லை. அதைச் சுத்தம் என்கிறார்கள்.

அன்று மதியம் தம்பி யூசுப் பேசினான்.

“அண்ணே, கூடத்துல புள்ளையத் தூங்க வைக்க முடியல. எவனாச்சும் பெல் அடிச்சா முழிச்சிருது. மாடி ரூம் வேணும். நீ வாரியா, இல்லையா?”

“வாரேன்னு சொல்லிருக்கேன்லடா.”

“அது எப்பவோ சொன்னது. நான் இப்பக் கேக்குறேன்.”

“பூட்ட ஒடைச்சுக்க.”

“அம்மா விடாது. அவன் வந்து தொறக்கட்டும்ங்குது. அதுக்குள்ள எம்மகன் காலேஜுக்குப் போயிருவான்.”

மார்ட்டினாவிடம் சொன்னேன். யாரும் தங்காத அறை ஏன் பூட்டியிருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. சாமான் வைக்க இடமில்லாமல் தவிக்கிறேன் என நினைத்து, தன் கட்டடத்து நிலவறையில் பாதியைத் தருவதாகச் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

“அம்மா, நான் இப்போதைக்கு வரல. ரூம யூசுப்புக்குக் குடுங்க.”

 “சாப்டியாப்பா?” என்றது அம்மா.

மார்ட்டினா நிரலைத் திருத்தி அனுப்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து யூசுப் பேசினான். அம்மா கடைசிவரை உடைக்க விடவில்லையாம். பூட்டுக்காரரை வரவழைத்து, திறந்து, புதுச்சாவி ஒன்று போட்டுக்கொண்டார்களாம். “பூட்டு அதேதாண்ணே. உன் சாவியத் தூக்கிப் போட்டுறாத.”

தபால் பெட்டிச் சாவியோடு ஒரே வளையத்தில்தான் அது தொங்குகிறது. இன்னும் அந்தப் பூட்டைத் திறக்கும் என்பது தம்பி சொன்னது. நான் சரிபார்க்கவில்லை.