கை தட்டாத ஊரில் ஒரு படம்

மஞ்சுளா உரக்கப் பேசி அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை. புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே பிரியும் மண் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போனால் ஒரு கோழிப்பண்ணை வரும். அங்கே இருபத்தைந்து வருடமாக வேலை. கூலிக்கு முட்டை பொறுக்க வந்தவள், இன்றைக்கு மூன்று செட்டுக்கும், அதாவது கோழிக் கொட்டகைகளுக்கும், மேற்பார்வை. நாற்பதாயிரம் கோழிகள் அவள் பொறுப்பில் இருக்கின்றன.

முட்டைக் கோழி பயந்த பிறவி. ஒரு தகர டப்பா கீழே விழுந்தால் போதும், ஒன்று எகிறும். அதைப் பார்த்து ஆயிரம் எகிறும். கம்பியில் கழுத்து மாட்டிச் சாகும். மறுநாள் ஓடில்லாமல் தோல்முட்டையாக விழும். அதனால் பண்ணையைச் சுற்றியிருக்கும் அந்தச் சின்ன ஊரே தணிந்த குரலில் பேசப் பழகிவிட்டது. தீபாவளிக்கு அங்கே வெடி கிடையாது. பண்ணைக்கு எதிரே இருக்கும் கல்யாண மண்டபத்துக்கு மேளக்காரர்கள் வந்தால், சாலை முக்கிலேயே மேளத்துக்கு உறை போட்டுவிடுவார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், பண்ணைக் குடியிருப்பின் ஓர் அறை வீட்டில் வளர்ந்த பெண்தான் சரிதா, மஞ்சுளாவின் ஒரே மகள். அவள் சேலத்துக்குப் படிக்கப் போனாள். படித்து முடித்து வேலைக்கும் போனாள். கூடவே மூன்று பையன்களைச் சேர்த்துக்கொண்டு 'கல்லுக்குழி' என்று ஒரு ஹெவி மெட்டல் குழு ஆரம்பித்தாள். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், நடுவில் அடிவயிற்றிலிருந்து கர்ஜிக்கும் சரிதா.

நான்கு வருடத்துக்கு முன்னால், குலதெய்வத்துக்குக் கெடா வெட்டிய விருந்தில் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அந்தக் குழுவின் பாட்டைத் தன் செல்போனில் எல்லோருக்கும் காட்டினாள். அரை நிமிடம்கூட ஓடவில்லை. மஞ்சுளாவின் அண்ணன் அன்பழகன் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார். தீவன மில்லில் லோடுமேன்களுக்கு மேஸ்திரி அவர். தகப்பன் இல்லாத பிள்ளைக்குத் தாய்மாமன் சொல்தான் சட்டம்.

"இது பொம்பளக் கொரலா? எழவு ஊட்டுலகூட இப்படிக் கத்தமாட்டாங்க."

பந்தியே சிரித்தது. சரிதா சிரிக்கவில்லை. "என்ற பாட்ட முழுசாக் கேக்காத ஊருக்கு இனி நான் வரமாட்டேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். அன்றைக்குப் போனவள்தான். பெற்றவள் மகளைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறிச் சேலத்துக்குப் போக வேண்டியதாயிற்று. நான்கு பொங்கலுக்கு மஞ்சுளா ஒற்றை ஆளாகப் பானை வைத்தாள். அந்தப் பாட்டை அவளும் கேட்டதில்லை. "இதை மெல்ல வெச்சுக் கேக்கக் கூடாதும்மா" என்று மகள் சொல்லியிருந்தாள். சத்தமாகக் கேட்க அவளுக்கு இடம் ஏது?

இந்தத் தை மாதம் அக்சிலியா என்ற பெண் பண்ணைக்கு வந்தாள். சேலத்துக்காரி. 'கல்லுக்குழி' குழுவின் பின்னாலேயே இரண்டு வருடம் கேமராவோடு அலைந்து ஓர் ஆவணப்படம் எடுத்திருந்தாள். வெளியூர்களில் நாலைந்து இடங்களில் அதைத் திரையிட்டும் விட்டார்கள்.

"ஆன்ட்டி, இந்த ஊர்ல ஒரு தடவை போட்டுக் காட்டணும்னு எனக்கு ஆசை. சரிதாகிட்ட கேட்டேன். 'ஊரு உக்காந்து கடைசி வரைக்கும் கேட்டா, நான் எங்க ஊட்டுக்குப் போறேன்'னு சொன்னா."

மஞ்சுளாவின் கையிலிருந்த முட்டை அட்டை ஒரு கணம் நின்றது. பிறகு அதைப் பத்திரமாக இறக்கி வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் மூணு மணி. இந்த வாரமில்ல, அடுத்த வாரம். மண்டபத்துக்கு நான் பொறுப்பு" என்றாள்.

மண்டபம் பண்ணை முதலாளி மோகன்குமாருடையது. விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"ஏனுங்க்கா, தெரிஞ்சுதான் பேசறீங்களா? செட்டுக்கும் மண்டபத்துக்கும் நூறடி. அந்தப் பாட்டு எப்படின்னு ஊருக்கே தெரியும். கோழி ஒண்ணு மிஞ்சுமா?"

"கோழி சத்தத்துக்கு மெரளாதுங்க மொதலாளி. புதுச் சத்தத்துக்குத்தான் மெரளும். தீவன லாரி தெனமும் வருது, மெரளுதுங்களா? எனக்குப் பத்து நாள் குடுங்க. கோழிக்கு அந்தப் பாட்டப் பழக்கி உட்டுடறேன்."

"முட்டை குறைஞ்சா?"

"கொறஞ்சா பதினொண்ணாவது நாள் நான் வேலைக்கு வரலைங்க."

அவள் குரல் அப்போதும் உயரவில்லை. இருபத்தைந்து வருட உழைப்பை ஒரு தாய் இவ்வளவு அமைதியாகப் பணயம் வைத்ததை மோகன்குமார் பார்த்ததில்லை. சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

மறுநாள் காலை, தீனி போட்ட கையோடு மஞ்சுளா செட்டுக்கு ஒன்றாகச் சின்ன ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டு, அக்சிலியாவிடம் வாங்கிய பாட்டைப் போட்டாள். சத்தம் கொசு ரீங்காரம் அளவுக்குத்தான். அதற்கே கோழிகள் தீனியிலிருந்து தலையைத் தூக்கிக்கொண்டன. சேலைக்கு மேல் போட்டிருந்த பழைய ஆண்சட்டையோடு, கோழிகளின் கண்ணில் படும்படி நடைபாதையில் அசையாமல் நின்றாள். அவள் பயப்படவில்லை என்று தெரிந்ததும் அவை மெல்லத் தலையைக் கவிழ்த்தன. அடுத்த நாள் சத்தம் கொஞ்சம் ஏறியது. அதற்கு அடுத்த நாள் இன்னும் கொஞ்சம்.

கூட வேலை செய்யும் செல்லாயி மூக்கில் விரலை வைத்தாள்.

"ஏனக்கா, கோழிக்குக் கச்சேரி வெக்கறயா?"

"ஒத்திக செல்லாயி. கச்சேரி ஞாயித்துக்கெழம."

"நேத்தெல்லாம் என்ற காதுக்குள்ள பேயி ஓடுச்சு."

"கோழிக்கு ஓடல. உனக்குத்தான் ஓடுது."

ஆறாவது நாள்தான் அது நடந்தது. அதுவரை வெறும் இடிச்சத்தமாக இருந்த பாட்டுக்குள்ளிருந்து, பழகப் பழக, வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

*அழாதே என்றாய், அழவில்லை.*
*கத்தாதே என்றாய், கத்தவில்லை.*
*எல்லாம் சேர்த்து வைத்தேன் தாயே,*
*இன்று கொட்டுகிறேன், கேள்.*

மஞ்சுளா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாயே என்றால் யார்? அவள்தானே? தொட்டிலில் கிடந்து வீறிட்ட குழந்தையின் வாயைப் பொத்திய கை இந்தக் கைதானே? கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் இறங்கியது. அப்போதும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துவிட்டு, ஸ்பீக்கரில் இன்னும் இரண்டு புள்ளி சத்தத்தைக் கூட்டினாள்.

பத்தாவது நாள் பாட்டு கூரைத் தகட்டை அதிரவைத்தது. கோழிகள் தீனி கொத்திக்கொண்டிருந்தன. முட்டை ஒன்றும் குறையவில்லை. வாசலில் நின்று பார்த்த மோகன்குமார், "எனக்குத்தான் இன்னும் பழகலைங்க்கா" என்று காதைத் தேய்த்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்து ஜன்னல்களுக்கெல்லாம் லாரித் தார்ப்பாயைக் கட்டி இருட்டாக்கினார்கள். உள்ளே வெந்து போகிற புழுக்கம். ஊரே வந்திருந்தது. பெண்கள் முன்னால் ஜமுக்காளத்தில், ஆண்கள் பின்னால் நாற்காலிகளில். அன்பழகன் கடைசி வரிசையில், எந்த நேரமும் எழுந்து போகத் தோதாக, கதவோரம் உட்கார்ந்தார். செல்லாயியைச் செட்டுக்குக் காவல் அனுப்பிவிட்டு, மஞ்சுளா சுவரோரம் நின்றாள். புரொஜெக்டர் பக்கத்தில் அக்சிலியா. அவள் கையில் போன். போனின் அந்த முனையில் சரிதா. குழுவோடு வேனில் வந்து புதுச்சத்திரம் டீக்கடையில் நிற்கிறாள். ஊர் என்ன செய்கிறது என்று காதால் கேட்டுவிட்டுத்தான் வேனைத் திருப்புவது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று.

படம் ஆரம்பித்தது. இடுப்பு வரை முடி வளர்த்த கிட்டார்க்காரப் பையன் திரையில் வந்தான். நாற்காலிப் பக்கமிருந்து குரல்கள் கிளம்பின.

"இவனுக்கு முடி வெட்ட நாமக்கல்லுல ஒரு கடை கெடைக்கலையாட்ட இருக்குது."

அவன் தலையை மேலும் கீழும் சுழற்ற ஆரம்பித்தான்.

"சாமி வந்துருச்சாடா?"

"இல்ல மாமா, காதுல தண்ணி போயிருச்சு."

சிரிப்பு அலையலையாகப் போயிற்று, தணிந்த சிரிப்பு. மஞ்சுளா அசையவில்லை. சிரிக்கட்டும், உட்கார்ந்து சிரிக்கட்டும் என்று நின்றாள்.

பிறகு திரையில் சரிதா மட்டும் வந்தாள். கறுப்புச் சட்டை, வாரிக் கட்டாத முடி. கேமராவைப் பார்த்துப் பேசினாள்.

"எங்கப்பா லாரி டிரைவர். எனக்கு ஆறு வயசு இருக்கறப்ப ரோட்டுல அடிபட்டுப் போயிட்டாரு. பண்ணைக் குடியிருப்புல கொண்டுவந்து போட்டாங்க. சுத்தி முப்பது பொம்பளைங்க. ஒருத்தர் வாயிலருந்தும் சத்தம் வரல. கோழி மெரளும்னு சொல்லிட்டாங்க. எங்கம்மா சேலைய வாயில திணிச்சுக்கிட்டு அழுதுச்சு. எங்கப்பாவுக்காக யாருமே வாய் விட்டு அழல. நான் மேடையில கத்தறது என்ற கத்தல் இல்லீங்க. அன்னைக்கு எங்கம்மா கத்தாதது."

பெண்கள் திரும்பி மஞ்சுளாவைப் பார்த்தார்கள். அன்றைக்கு அந்த முப்பது பேரில் இருந்தவர்கள் பாதிக்கு மேல் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் அன்பழகன் குனிந்து தரையைப் பார்த்தார். தங்கையின் தோளைப் பிடித்து, "கத்தாத மஞ்சு, கோழி மெரளும்" என்று அன்றைக்குச் சொன்னவர் அவர்தான்.

பாட்டு வெடித்தது.

டிரம்ஸ் அடியில் மேடைப் பலகை நடுங்கியது. அந்தக் குரல், பெண்ணா ஆணா என்று தெரியாத அந்தக் குரல், இருபது வருடத்து மௌனத்தைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஒருத்தர்கூடக் காதைப் பொத்தவில்லை. முன்வரிசையில், அந்த முப்பது பேரில் ஒருத்தியான மாரக்காள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, இறந்தவனின் பெயரை முணுமுணுத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் வாயைத் திறந்து அழுதாள். தார்ப்பாயை விலக்கிச் செல்லாயியின் தலை எட்டிப் பார்த்தது. "அது பாட்டுக்குத் தீனி திங்குதக்கா" என்று சைகையில் சொல்லிவிட்டு, அவளும் அங்கேயே நின்றுவிட்டாள்.

கடைசி அடியோடு திரை இருண்டது.

மண்டபம் எழுந்து நின்றது. ஆனால் கை தட்டவில்லை.

அக்சிலியாவின் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை ஊர்களில் இந்த இடத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போயிருக்கிறது. போனில் சரிதாவின் குரல் கேட்டது. "என்னடி, ஒண்ணும் கேக்கல. போயிட்டாங்களா?"

"இல்ல சரிதா, நிக்கறாங்க. ஆனா ஒருத்தரும் கை தட்டல. புழுக்கம் தாங்காம துண்ட எடுத்து வீசிக்கிட்டு இருக்காங்க."

எதிர்முனையில் வேன் கிளம்பும் சத்தம். "தெரிஞ்சதுதான். வண்டிய சேலத்துக்கு உடச் சொல்லிட்டேன். அம்மாகிட்ட சொல்லிரு."

அக்சிலியா கண் கலங்கிப் போனை நீட்டினாள். "ஆன்ட்டி, அவ போறேங்கறா."

மஞ்சுளா பதறவில்லை. போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"சரிதா, வண்டிய நிறுத்தச் சொல்லு."

"எதுக்கும்மா? கை தட்டக்கூட அவங்களுக்கு மனசு வரல."

"நாலு வருசத்துல ஊர மறந்துட்டயா? இந்த மண்டபத்துல எவன் கை தட்டி நீ கேட்டிருக்கற? உன்ற பாட்டுக்குக் கோழியப் பழக்கிட்டேன். எரநூறு பேரு சேந்தாப்புல கை தட்டுனா, அதுக்கு நான் எங்கருந்து பழக்கறது? நம்மூருல சந்தோசம்னா என்ன பண்ணுவாங்க?"

எதிர்முனையில் வேன் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லிய குரல்: "துண்டச் சுத்துவாங்க."

"அதத்தான் அந்தப் புள்ள புழுக்கம்னு உங்கிட்டச் சொல்லியிருக்குது. கண்ணு, இதுல படம் தெரியற மாதிரி பண்ணு" என்று மஞ்சுளா போனை அக்சிலியாவிடம் கொடுத்தாள்.

அக்சிலியா போனைத் திருப்பிப் பிடித்தாள். மண்டபம் முழுக்க, இருட்டில், தலைக்கு மேலே சத்தமில்லாமல் சுழன்றுகொண்டிருந்தன துண்டுகள். வெள்ளை, பச்சை, கட்டம் போட்டது. பெண்கள் முந்தானையைப் பிடித்து வீசினார்கள். எல்லாருக்கும் முன்னால், நாற்காலிகளை விலக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் துண்டைச் சுற்றிக்கொண்டிருந்தார் அன்பழகன். போனைப் பார்த்ததும் அவர் கை நின்றது.

"சாமி" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தார். "அன்னைக்கு உங்கம்மாள அழ உடாதது நாந்தான். உங்கப்பன உட எனக்குக் கோழி பெருசாப் போச்சு. எழவு ஊடுன்னு உன்னச் சொன்னேன் பாரு, எழவு ஊட்டுல என்ன பண்ணோணும்னு எனக்கே தெரியல சாமி."

"நீங்க ஏனுங்க மாமா அழறீங்க?"

"அழுகல. வேர்த்து ஊத்துது. நீ வாரயா இல்லையா, அதச் சொல்லு."

"வாரேனுங்க மாமா."

கால்மணி நேரத்தில் வேன் மண் சாலையில் வந்து நின்றது. சரிதா இறங்கினாள். பண்ணை வாசலில் மருந்துத் தண்ணீர் நிரப்பிய பள்ளம். வெளிக்கிருமி உள்ளே போகாமலிருக்க எல்லோரும் அதில் கால் நனைத்துத்தான் வர வேண்டும். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கறுப்புப் பூட்ஸ் இரண்டும் தாமாக அதில் இறங்கி ஏறின. பின்னாலேயே இறங்கிய நீளமுடிப் பையன் தாண்டிக் குதிக்கப் பார்த்தான். அன்பழகன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தி, "நனைச்சுட்டு வா தம்பி" என்றார்.

மஞ்சுளா மகளின் தோளிலிருந்து பையை வாங்கினாள்.

"பாட்டு எப்படிம்மா இருந்துச்சு?"

"பத்து நாளாக் கேட்டுட்டுத்தான இருக்கறேன். நல்லா இருக்குது. என்ன, நடுவுல கொட்டு அடிக்கறானே அந்தப் பையன், அவன் உன்ற கொரல அமுக்கறான். கொஞ்சம் மெல்ல அடிக்கச் சொல்லு."

"மெட்டல்ல மெல்ல அடிக்க முடியாதும்மா."

மஞ்சுளா பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"அப்ப நீ இன்னுங் கொஞ்சம் கத்து" என்றாள்.